அப்பாவின் காலை ராத்திரியில் எப்படி வைப்பது? வாஸ்குலர் (ரத்தக்குழாய் சிகிச்சை) வார்டு நர்ஸ்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு வயது 68, கும்பகோணம். பத்து வருஷமாக பிபி, போன வருஷம்தான் பீடியை விட்டார். வலது காலில் ரத்தக்குழாய் அடைப்பு, ஏபிஐ (கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுத்த எண்) 0.55. சித்திரையிலிருந்து கட்டைவிரல் நுனியில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. சுகர் இல்லை. அடுத்த வாரம் ஆஞ்சியோ.

பிரச்சினை ராத்திரியில்தான். படுத்தால் பாதம் எரிகிறது என்று எழுந்து, காலைத் தொங்கவிட்டுக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து தூங்குகிறார். வலி குறைகிறது, ஆனால் விடிந்தால் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிற அளவு வீக்கம். (பிபிக்கு அம்லோடிபின் 10 மாத்திரை போடுகிறார், வீக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாம்.) வலி கூடும்போது பிபி 170/95, காலையில் 140/80.

தலையணை வைத்துக் காலை உயர்த்திப் பார்த்தோம். பாதம் வெளுத்து வலி அதிகமானது, தொங்கவிட்டதும் கருஞ்சிவப்பாகிறது. வீட்டுக்கு வரும் நர்ஸ் தம்பி வீக்கத்துக்கு கிரேப் பேண்டேஜ் சுற்றலாம் என்றார். இந்த ஏபிஐக்கு அழுத்திக் கட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வேண்டாம் என்றுவிட்டோம். வெந்நீர் ஒத்தடம் யோசனையும் வந்தது, மரத்த காலில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். புண்ணுக்கு சலைன் கழுவலும் தளர்வான கட்டும் மட்டும்தான். குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்கிறோம்.

டாக்டரை ஆஞ்சியோ அன்றுதான் பார்க்க முடியும். அதுவரை, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்திப் படுக்க வைக்கலாமா, எத்தனை அங்குலம்?