மூத்தவரிடம் மறுத்துப் பேசுவது எப்படி? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு உதவி வேண்டும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். வேலை தெரிந்தவர், நல்ல மனிதரும்கூட. ஆனால் கூட்டத்தில் யாராவது மாற்றுக் கருத்து சொன்னால் முகம் சுருங்கிவிடும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. இப்போது அவர் போட்டிருக்கும் திட்டத்தில், சோதித்துப் பார்க்க ஒதுக்கிய நேரம் போதாது என்பது என் கணிப்பு. அடுத்த கூட்டத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

நாலு பேர் முன்னால் சொல்வதைவிடத் தனியாகப் பேசுவது மேல். அதில் சந்தேகமில்லை. முதலில் அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லி, அப்புறம் "இந்த இடத்தில் தாமதமானால் என்ன செய்யலாம் சார்?" என்று கேள்வியாகவே வைக்கலாமா? பாராட்டிவிட்டுக் குறை சொல்லும் வழி அவரிடம் எடுபடாது; பாராட்டு வரும்போதே உஷாராகிவிடுவார்.

எழுதி அனுப்பவும் தயக்கம். எழுத்தில் குரல் தெரியாது, சாதாரணமாகக் கேட்டதுகூடக் குத்திக்காட்டுவது போலப் படும். நேரிலோ, அவர் குரலை உயர்த்தினால் எனக்கு வாயடைத்துவிடும்.

இப்படிப்பட்டவர்களிடம் பேசிப் பழகியவர்கள், நீங்கள் ஆரம்பித்த முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்களேன். "பொறுமையாகப் பேசு" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. இன்னொன்று: தனியாகக் கேட்டும் அவர் மறுத்துவிட்டால், அங்கேயே விட்டுவிடுவதா, கூட்டத்தில் மறுபடி எடுப்பதா?