கொலராடோ எல்க் மான் வேட்டை உரிமக் குலுக்கல்: முதல் விருப்பமாக எதைக் கொடுப்பது?

கல்லிடைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கொலராடோ மாநிலத்தில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நான், இப்போது விடுப்பில் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். இந்த ஆண்டு என்னையும் வரச் சொல்கிறார். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து அதற்குரிய அட்டையையும் வாங்கிவிட்டேன். சில உரிமங்களைக் கடையில் நேரடியாக வாங்கலாம் என்றாலும், நாங்கள் போக நினைக்கும் முதல் ரைஃபிள் பருவத்துக்கு எல்லா உரிமங்களும் பொதுக் குலுக்கல் வழியாகத்தான் கிடைக்கின்றன. விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும் என்பதால், ஊரில் இருந்தபடியே இணையத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்னிடம் முன்னுரிமைப் புள்ளி ஒன்றுகூட இல்லை; நண்பரிடம் ஏழு இருக்கின்றன. இருவரும் ஒரே குழுவாக விண்ணப்பித்தால் அவருடைய புள்ளியால் எனக்கும் உரிமம் கிடைத்துவிடும் என்று அவர் நம்புகிறார். அது சரிதானா? முதல் விருப்பமாக எதைக் கொடுப்பது நல்லது? விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடலாமா என்ற கவலையும் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தகப்பனார், "இங்கே மலையில் ஒரு மிளாவைத் தொட்டால் ஜெயில், அங்கே சர்க்காரே சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறதா?" என்று கேட்டார். அவருக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கிரீலி நெல்லையான்:

தம்பி, குழு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் நண்பருக்குத்தான் அதில் நஷ்டம். கொலராடோவில் குழுவாக விண்ணப்பித்தால், குழுவில் யாருக்குப் புள்ளி மிகக் குறைவோ அவருடைய புள்ளியைத்தான் எல்லோருக்கும் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் சுழியம் என்றால் அவரும் சுழியம். அவர் தன் ஏழு புள்ளியோடு தனியாக விண்ணப்பிக்கட்டும். நீங்கள் அதே யூனிட்டுக்கு, அதாவது மாநிலத்தை வேட்டைக்காகப் பிரித்து எண் கொடுத்திருக்கும் பகுதிகளில் அதே பகுதிக்கு, பெண் எல்க் உரிமம் வாங்கினாலும் இருவரும் ஒரே முகாமில் தங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, புள்ளி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு போன்றது அது: முன்னால் பதிந்து, விடாமல் தொடர்ந்தவருக்கு முதலில் அழைப்பு வரும், பத்து ஆண்டுகள் விண்ணப்பிக்காமல் விட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். ஆனால் புள்ளி செல்லுபடியாவது முதல் விருப்பத்துக்கு மட்டுமே. முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் சேர்த்த புள்ளி முழுவதும் கழிந்துவிடும்; அது கிடைக்காமல் இரண்டாவதோ மூன்றாவதோ நான்காவதோ கிடைத்தால் இருக்கும் புள்ளி அப்படியே இருப்பதோடு, முதல் விருப்பத்தில் தோற்றதற்காக ஒரு புள்ளி கூடவும் செய்யும். இந்த ஒரு விதியில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

ஆகவே, உங்களைப் போல் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். முதல் விருப்பமாக எந்த யூனிட்டையும் கேட்காமல், புள்ளி மட்டும் வாங்குவதற்கான ஈ-பி-999-99-பி என்ற குறியீட்டைக் கொடுங்கள். இரண்டாவது விருப்பமாக, முதல் விருப்பக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்த பிறகும் உரிமம் மிஞ்சுகிற ஒரு பெண் எல்க் வேட்டையைக் கொடுங்கள். அமைந்தால் இந்த அக்டோபரில் மலைக்கும் போகலாம், புள்ளியும் ஒன்று சேரும். எந்த வேட்டையில் எத்தனை மிஞ்சுகிறது, குறைந்தது எத்தனை புள்ளி வைத்திருந்தவர் வரை உரிமம் கிடைத்தது என்பதை மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் குலுக்கல் அறிக்கையாக வெளியிடுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்று மலைக்காதீர்கள். உங்கள் யூனிட் எண்ணைத் தேடி அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும்.

குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது மிகவும் முக்கியம். ஈ-எஃப்-012-ஓ1-ஆர் என்று இருந்தால், முதல் எழுத்து எல்க், இரண்டாவது பெண், அடுத்த மூன்று இலக்கங்கள் யூனிட், ஓ1 முதல் பருவம், கடைசி எழுத்து ரைஃபிள். பருவம் இருக்கும் இடத்தில் ஓ என்ற எழுத்துக்குப் பதிலாகப் பி என்று இருந்தால் அது தனியார் நிலத்துக்கு மட்டும் செல்லும் உரிமம். அப்படிப்பட்ட உரிமங்கள் எளிதாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பண்ணைக்காரரின் அனுமதி கைக்கு வராமல் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சாண்டா ஃபே தென்காசி:

கிரீலி அண்ணாச்சி சொல்வது கணக்குக்குச் சரிதான், ஆனால் புள்ளி சேர்ப்பதையே ஒரு வேலையாக ஆக்கிக்கொள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொலராடோவின் வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்ற யூனிட்டுகளில் பெரிய கொம்புள்ள ஆண் எல்க்குக்கான உரிமம் கிடைக்க இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு புள்ளி ஏறுவதால், கேட்கப்படும் புள்ளியும் கூடவே ஏறிக்கொண்டு போகிறது. இன்று சுழியத்தில் தொடங்குகிறவர் அந்த வரிசையின் முன்னால் வருவது நடக்கிற காரியம் இல்லை. விசாவில் இருக்கும் தம்பி அத்தனை ஆண்டுகள் அதே மாநிலத்தில் இருப்பார் என்பதற்கு யார் உத்தரவாதம்?

எங்கள் நியூ மெக்ஸிகோவில் புள்ளி என்ற பேச்சே இல்லை. முதன்முறை விண்ணப்பிக்கிறவரும் முப்பது ஆண்டாக விண்ணப்பிக்கிறவரும் ஒரே குடத்தில்தான் இருப்பார்கள். உரிமங்களில் 84 சதவீதம் மாநிலவாசிகளுக்கு, 10 சதவீதம் வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு, மீதி 6 சதவீதம் வெளிமாநிலத்தவருக்கு. அந்த 6 சதவீதத்தில்தான் தம்பி நிற்க வேண்டியிருக்கும், விண்ணப்பமும் மார்ச் நடுவிலேயே முடிந்துவிடுகிறது, உரிமக் கட்டணம் முழுவதையும் முன்னதாகவே கட்டிவிட்டுக் கிடைக்காவிட்டால் திரும்பப் பெற வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டுக்கு வேண்டுமானால் யோசித்துப் பாருங்கள்.

கிரீலி நெல்லையான்:

201-க்குக் காத்திருக்க நான் சொல்லவில்லை. மூன்று நான்கு புள்ளியில் கிடைக்கும் நல்ல யூனிட்டுகள் இருக்கின்றன. புள்ளியை அங்கே செலவழித்துவிட்டு மறுபடி தொடங்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முண்டந்துறை ஓய்வு வனவர்:

தம்பியின் தகப்பனார் கேட்டதற்கு என்னால் முடிந்த பதில். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கான பிரிவுகள் தொடக்கத்தில் இருந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. நாம் நம் காட்டின் நிலைமைக்கு ஏற்ற முடிவை எடுத்தோம். கொலராடோவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்க் கிட்டத்தட்ட அழிந்துபோய், வயோமிங் மாநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் மந்தைகள் மீண்டும் பெருகின. இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் அதுதான். துப்பாக்கி, தோட்டா விற்பனைமேல் விதிக்கும் வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கு ஒதுக்கும் மத்தியச் சட்டமும் அங்கே 1937-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சர்க்கார் சீட்டுக் குலுக்குவது, எத்தனை மான்களை எடுக்கலாம் என்று முதலில் கணக்கிட்டு, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு உரிமம்கூடப் போகாமல் தடுப்பதற்காக.

இதில் தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மிளாவானாலும் எல்க்கானாலும், மந்தை பெருகுவதையும் குறைவதையும் தீர்மானிப்பவை பெண் மான்கள். மந்தை அளவுக்கு மீறிய யூனிட்டில் பெண் உரிமங்களைக் கூடுதலாக விடுவார்கள். கன்றுகள் தங்காத யூனிட்டில் குறைத்துவிடுவார்கள். ஆகையால் போன ஆண்டு அறிக்கையில் மிஞ்சியதைப் பார்த்து இந்த ஆண்டும் மிஞ்சும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்காமல், இந்த ஆண்டு எத்தனை உரிமம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆரோரா பாளையங்கோட்டை:

விசா பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்குவதும், சுடும் பயிற்சிக்கூடத்தில் கையில் எடுப்பதும் இந்தத் தடைக்குள் வருபவைதான். நல்ல வேளையாக, கொலராடோவில் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தகுதி உரிமம் வாங்கியாக வேண்டும். ஆண்டுச் சிறுவேட்டை உரிமத்தை வாங்கினால் அதுவும் வேட்டை உரிமமே. அது மார்ச் முதல் தேதியிலிருந்து மறு ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். காலாவதியான நாளிலிருந்து விலக்கும் இல்லை என்பதை மறக்காதீர்கள். எதற்கும் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாநிலவாசிக் கட்டணத்துக்கு, உரிமம் வாங்குவதற்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். வேலையும் வீடும் அங்கேயே இருக்க விடுப்பில் ஊருக்கு வந்திருப்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைத் துறைக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் அங்கே கண்டிப்பு அதிகம்.

இன்னொன்று: விண்ணப்பத்தின்போது சிறு தொகைதான் எடுப்பார்கள், உரிமக் கட்டணம் குலுக்கலில் வென்ற பிறகுதான் அட்டையிலிருந்து போகும். ஊரில் இருக்கும் அவசரத்தில் இந்திய வங்கி அட்டையைக் கொடுத்து, அது மறுக்கப்பட்டு, குறித்த நாளுக்குள் கட்டாமல் போனால் உரிமம் வேறொருவருக்குப் போய்விடும். அந்தச் சமயம் வரை காலாவதியாகாத அமெரிக்க அட்டையையே கொடுங்கள்.

கல்லிடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் பேசினேன், தனித்தனியாகவே விண்ணப்பிக்கிறோம். முதல் விருப்பம் புள்ளிக் குறியீடு, இரண்டாவது அவர் கேட்கும் யூனிட்டிலேயே பெண் எல்க் என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்றாவது, நான்காவது இடங்களை வெறுமையாக விடலாமா?

கிரீலி நெல்லையான்:

விடலாம், தம்பி. போக விருப்பமில்லாத யூனிட்டை இடத்தை நிரப்புவதற்காக எழுதினால், அதுவே விழுந்து பணமும் கட்ட வேண்டிவரும். இந்தக் குலுக்கலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஜூனில் இரண்டாம் குலுக்கல் இருக்கிறது, ஆகஸ்டில் மிச்ச உரிமப் பட்டியலும் வரும். ரைஃபிள் பருவத்துக்கு ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் பளிச்சென்ற மேலாடையும் தொப்பியும் கட்டாயம். அவற்றை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். இறைச்சியை மலையிலேயே வீணாக விட்டுவிட்டு வருவதும் குற்றம் என்பதால், நாலு காலையும் முதுகுக் கறியையும் சுமந்து இறக்க ஆள் இருக்கிறார்களா என்பதை நண்பரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.