பழைய வண்ணப் பொருட்களைத் தரம் பிரிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, மிஞ்சிக் கிடக்கும் கிரேயான், கலர் பென்சில், பெயிண்ட் எல்லாம் சேகரித்து, வாங்க வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். பொருட்கள் நிறைய வருகின்றன, தரம் பிரிப்பதில்தான் தடுமாறுகிறோம்.

உடைந்த கிரேயான் பிரச்சினையே இல்லை. அது மெழுகுதான், காகிதத்தை உரித்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி (இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்) சிலிகான் அச்சில் ஊற்றினால் தடிமனான கட்டிகளாகிவிடும், சின்னக் கைகளுக்குப் பிடிக்கவும் அதுதான் வசதி. காய்ந்த வாட்டர் கலர் வில்லைகளும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் இளகிவிடும். அக்ரிலிக் காய்ந்தால் அவ்வளவுதான், மறுபடி கரையாது.

என் கவலை பழைய ஆயில் பெயிண்ட் டியூப்கள். சில நிறங்களில் ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் இருக்கலாம், அதனால் லேபிள் அழிந்ததைக் குழந்தைகள் கையில் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. பிறகு என்னதான் செய்வது? பெரியவர்கள் ஓவியம் பழகும் இடங்களுக்குத் தரலாமா? இதையெல்லாம் கையாண்டவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்கெட்ச் பேனா அனுப்புகிறவர்கள் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஆசையாக மூடியைத் திறக்கிற குழந்தை ஏமாறக் கூடாது.