விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது, அப்புறம்தான் கண் பிரஷர் என்று புரிந்தது

ஈசூன்வாசி:
தீபாவளி ஒளியூட்டு பார்க்க சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் போன அன்றுதான் கவனித்தேன். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வானவில் வளையம், அதுவும் இடது கண்ணில் மட்டும். வலி பெரிதாக இல்லை, கண் சிவக்கவும் இல்லை, கண்ணாடிதான் அழுக்கு என்று சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மறுநாள் கண் டாக்டரிடம் போனால், கண் அழுத்தம் 46 என்றார்கள். 10 முதல் 21 வரைதான் இருக்கவேண்டுமாம்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து, பிரஷருக்கு ஒரு சொட்டு மருந்து. இரண்டு வாரத்தில் சரியாகும், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப வரும். இப்படி நான்கு முறை. ஏன் வருகிறது என்று அங்கே யாரும் தேடவே இல்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வேறு இடத்தில் பார்த்த நிபுணர்தான் கண்ணின் முன்பகுதியில் இருக்கும் நீரை எடுத்துச் சோதிக்கலாம் என்றார். அங்கே இருப்பதே கால் மில்லி, அதில் 0.1 மில்லி எடுப்பார்களாம். மரத்துப்போன கண்ணுக்குப் பக்கவாட்டில் ஊசி வருவது மங்கலாகத் தெரிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டேன், அதற்குள் முடிந்துவிட்டது. சைட்டோமெகலோவைரஸ் என்று முடிவு வந்தது.

வைரஸைக் கண்டதும் கண்ணில் உள்ள செல்கள் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற சைட்டோகைன்களை, அதாவது தகவல் சொல்லும் புரதங்களை, அந்த நீரில் விடுமாம், ஆள் அனுப்பச் சொல்லிக் கூப்பாடு போடுகிற மாதிரி. வெள்ளையணுக்கள் ஓடிவரும், நீர் வடியும் சல்லடை வீங்கி அடைத்துக்கொள்ளும், ஆனால் சுரப்பது நிற்காது. இப்படி வேறொரு நோயால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவதுதான் இரண்டாம்நிலை கிளாக்கோமா. ஸ்டீராய்டு கூப்பாட்டை அடக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது, போதாக்குறைக்குச் சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும். என் சைட்டோகைன் அளவு என்ன என்று கேட்டேன். சிரித்தார். அதெல்லாம் ஆராய்ச்சிக்கு அளப்பது, மருந்து கொடுக்க வைரஸ் தெரிந்தால் போதுமாம்.

வைரஸை அடக்கும் கான்சிக்ளோவிர் ஜெல் போடுகிறேன், அழுத்தம் 16. நரம்பில் போனது போனதுதான். ஒளிப்புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தவேண்டிய பார்வைச் சோதனையில், மூக்குப் பக்கம் புள்ளி வந்து போவதே தெரியாமல், பட்டனைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின்மகள்:
எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையால் வந்தது. விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாமல் விஈஜிஎஃப் என்ற புரதம் அதிகமாகி, பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற நிறத் திரையில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து வடிகாலையே மூடிவிட்டன. கண்ணுக்குள் ஊசி, அப்புறம் லேசர். முதல் நாள் இரவு தூங்கமாட்டார், ஊசி போட்டு வெளியே வந்ததும் தேக்காவில் தோசை கேட்பார். அண்ணே, ஜெல்லை நிறுத்திப் பார்த்தீர்களா?

ஈசூன்வாசி:
ஒருமுறை நிறுத்தினேன்மா. ஆறே வாரத்தில் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளக்கில் வளையம்.