காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் "அப்ரூவல் வரல" என்று சொன்னார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேனிக்காரி:
போன வைகாசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்கிறார்களே என்ற தைரியத்தில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஞ்சியோ பார்த்துவிட்டு ரெண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த தம்பி "சாயங்காலத்துக்குள்ள அப்ரூவல் வந்துடும்க்கா" என்றான்.

சாயங்காலம் வந்தது கொயரி, அதாவது அனுமதி தருவதற்கு முன் காப்பீட்டுக்காரர்கள் கேட்கிற விளக்கம். அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும், ஆதாரில் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் முழுசாக. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வரணுமாம். வி.ஏ.ஓ. ஜமாபந்திக்குப் போயிருந்தார். அண்ணன் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வாங்கி வந்தான். அதை ஏற்றினால் மறுநாள் அடுத்தது: ஆஞ்சியோ படம் தெளிவில்லை, மாத்திரையிலேயே பார்க்கலாமே என்று நிராகரிப்பு. படுக்கையில் வியர்த்துக் கிடக்கிற மனுஷனை, பார்க்காத யாரோ எங்கேயோ உட்கார்ந்து அப்படி எழுதுகிறார். டாக்டர் திரும்ப அனுப்புகிறேன் என்றார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. அம்மா கழுத்திலிருந்த நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் கையிலிருந்து பணம் கட்டி முடித்த கேஸுக்கு இனிமேல் அப்ரூவல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எலும்பு டாக்டர்:
அந்த டாக்டரைத் திட்டியிருந்தால் மன்னித்துவிடுங்கள் சகோதரி, நானும் அதே இடத்தில் நிற்பவன்தான். எண்பது வயதுப் பாட்டி, பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவு. இந்த மாதிரி கேஸை ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன் செய்து உட்கார வைக்கணும், இல்லாவிட்டால் படுக்கைப்புண், நெஞ்சுச்சளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் கொயரி, எக்ஸ்ரேயில் நோயாளி பெயர் தெரியவில்லை என்று. சரி, தப்பு எங்களுடையது, திரும்ப எடுத்து அனுப்பினோம். ரெண்டாவது, ஏன் இடுப்பு மூட்டுப் பந்தை மாற்றுகிறீர்கள், திருகு போட்டால் ஆகாதா என்று. இரவு பதினொரு மணிக்கு, எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஏன் திருகு பிடிக்காது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வார்டில் பாட்டியின் மகன் நர்ஸிடம் "டாக்டர் காசுக்காகத்தான் இழுக்கிறார்" என்று கத்திக்கொண்டிருந்தார். நாலாவது நாள் அனுமதி வந்தது. அதற்குள் பாட்டிக்கு முதுகில் தோல் சிவந்து உரிய ஆரம்பித்துவிட்டது.

அனுமதி கிடைத்தாலும் கதை முடியாது. டிஸ்சார்ஜ் ஆனபின் கிளெய்மில் ஏதாவது காகிதம் குறைகிறது என்று தொகையை வெட்டுவார்கள். மேனேஜ்மென்ட் என்னைக் கூப்பிட்டு, காப்பீட்டு கேஸ் கொஞ்சம் குறைச்சுக்குங்க சார் என்றது. குறைப்பது என்றால் என்ன? வாசலில் வந்து நிற்கிற பாட்டியை "பெட் இல்லை" என்று திருப்பி அனுப்புவது. இன்னும் நான் அதைச் செய்யவில்லை, எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கொயரியே கூடாது என்றும் சொல்லமாட்டேன். தேவையில்லாமல் கத்தி வைக்கிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன, அது எனக்கே தெரியும். ஆனால் கேள்வியை மொத்தமாக ஒரே தடவையில் கேட்டால் என்ன? ஒன்றுக்குப் பதில் போட்டால் அடுத்தது முளைக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கவுண்டர் தம்பி:
ஆறு வருஷம் இந்தக் கவுண்டரில் இருந்தவன், அதனால் ரெண்டு வார்த்தை. உடம்பு நன்றாக இருக்கும்போதே ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்து இனிஷியல் ஒத்துப்போகிறதா பாருங்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் பெயர், குழந்தை பெயர் ரேஷன் கார்டில் ஏறாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் என் கவுண்டரில் அதிகம். குடும்பத்தின் வருஷ வருமான வரம்பு 72,000 ரூபாய் என்று நினைத்து அட்டையே வாங்காதவர்களும் உண்டு, அது 1,20,000 ஆகிச் சில வருஷமாகிறது. மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குறைதீர்ப்புக் குழுவும் இருக்கிறது. அவசர கேஸ் என்றால் போனிலேயே அனுமதி கேட்க வழி உண்டு, அதை நீங்களாகக் கேட்டால்தான் பலபேருக்கு ஞாபகம் வரும்.

தேனிக்காரி:
போனில் கேட்கலாம் என்று அன்றைக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை தம்பி. மறுத்ததற்கு எழுத்தில் எதுவும் வாங்கவும் இல்லை, என்னிடம் இருப்பது அடகுக்கடைச் சீட்டு மட்டும்தான். வட்டி கட்ட நாளைக்குப் போகணும்.