தோப்புக் காவலில் இருந்த ராஜபாளையம் நாய்: ராத்திரி வீட்டுக்குள் படுக்க மாட்டேங்குது

மொட்டைமாடி:
ராஜபாளையம், ஆண். பல்லைப் பார்த்துட்டு நாலு வயசிருக்கும்னு டாக்டர் சொன்னார். 26 கிலோ. தென்னந்தோப்புல சங்கிலியிலேயே கிடந்த நாய். தோப்பு கைமாறினதும் விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்ககிட்ட வந்து 6 நாள் ஆகுது. மதுரை, தரைத்தளம், ஹாலும் ரெண்டு ரூமும், டைல்ஸ் தரை.

பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ராத்திரி 11 மணிக்கு லைட்டை அணைச்சா ஆரம்பிச்சிடுது. ஹாலுக்கும் வாசலுக்கும் நடை, மூச்சிரைப்பு, கதவைப் பிறாண்டுறது. ரெண்டு மணிக்கு மேல பைக் போனா குரைப்பு. ஹால்ல ஒரே மூலையில ரெண்டு தடவை மூத்திரம் போயிடுச்சு, ஃபினாயில் போட்டுத் துடைச்சாச்சு. சாப்பாடு 9:30க்கு, தயிர்சாதமும் முட்டையும். பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டா மிதிக்கக்கூட மாட்டேங்குது. கூண்டு வாங்கலாமா? மாடியில விட்டுடலாம்ங்கிறாங்க வீட்டுல.

கோம்பைக்காவல்:
பதினோரு மணிக்கு அதுக்கு ஷிப்ட் ஆரம்பிக்குதுங்க, அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் ராத்திரி முழிப்பு, பகல்ல தூக்கம். திட்டினாலோ கட்டிப்போட்டாலோ இது மாறாது. காவலை யாரோ ஏத்துக்கிட்டாங்கன்னு அதுக்குத் தெரியணும், பகல் தூக்கமும் குறையணும்.

சாயங்காலத்துலேருந்து வர்றேன். நாலு மணிக்கு மேல தூங்க விடாதீங்க. 6:30க்கு வெளியே கூட்டிட்டுப் போங்க, 35-40 நிமிஷம். கழுத்துப் பட்டையில இழுக்காம நெஞ்சுப் பட்டை போட்டு, 5 மீட்டர் கயிறு. வேகமா நடக்க வேண்டாம். மோந்து மோந்து நிக்கட்டும். சங்கிலி எட்டுற வட்டத்தையே மோந்துட்டிருந்த நாய், அதுக்கு அசதி கொடுக்கிறது அந்த மோப்பம்தான். பந்து, ஓட்டம் எல்லாம் காலையில வச்சுக்கோங்க. ராத்திரி ஓட விட்டா சூடேறி, அடங்க ரெண்டு மணி நேரம் ஆகும்.

சாப்பாடு 7:30க்குள்ள முடியணும். 9:30க்குத் தயிர்சாதம் போட்டா அதுல உள்ள தண்ணி ஒரு மணி, ரெண்டு மணிக்கு வெளியே வரத்தான் செய்யும். தயிரு, மோரு, கஞ்சி எல்லாம் காலைக்கு. ராத்திரிக்குக் கெட்டியா, சோறும் வேகவச்ச கோழியும். குடிக்கிற தண்ணியை மட்டும் எடுத்துடாதீங்க, மதுரை வெக்கைக்கு அது ஆபத்து. 10:15க்குக் கடைசியா வெளியே: தினமும் அதே இடம், 10 நிமிஷம், போனதும் ஒரு துண்டு கோழி, உடனே உள்ளே.

அடுத்தது படுக்கிற இடம். வாசல் கதவு ஓரத்துல படுக்க விட்டா அந்தக் கதவே அதோட காவல் இடம் ஆயிடும். அங்கேயிருந்து பத்தடியாவது தள்ளி, முதுகுக்குச் சுவர் இருக்கிற மாதிரி, படுத்தபடியே உங்க ரூம் வாசல் தெரியுற மாதிரி இடம் பாருங்க. காவல் நாய் ஆள் கண்ணுல படுற இடத்துலதான் கண்ணை மூடும்.

மெத்தையைக் கழிச்சுக் கட்டுங்க. கால் வச்சா புதையுற எதையும் இப்போதைக்கு அது நம்பாது. நாலடிக்கு மூணடி ரப்பர் பாய், அது மேல ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போடுங்க. டைல்ஸ்ல கால் வழுக்குறதாலயே படுக்காம நின்னுட்டிருக்கிற நாய் நிறைய. படுக்கையிலேருந்து தண்ணிப் பாத்திரம் வரைக்கும், வாசல் வரைக்கும் மிதியடி வரிசையாப் போடுங்க. நடக்கும்போது நகம் டக் டக்னு கேட்டா நகம் நீளம்னு அர்த்தம், வெட்டணும்.

இப்போ கஷ்டமான பாகம். நீங்க ஹால்ல படுக்கணும். அதுலேருந்து மூணடி தள்ளிப் பாய் போட்டு 5 ராத்திரி. கூப்பிட வேண்டாம், தடவ வேண்டாம், ஆள் இருந்தாப் போதும். அப்புறம் ரெண்டு ராத்திரிக்கு ஒரு தடவை ரெண்டு மூணு அடி உங்க ரூம் பக்கமா நகருங்க. நடை திரும்ப ஆரம்பிச்சா அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம், முந்தின இடத்துக்கே திரும்புங்க. மூணு வாரம் எடுக்கும்னு மனசுல வச்சுக்கோங்க.

குரைச்சா பாயிலேருந்தே "ஏய்"னு கத்தாதீங்க. அதுக்கு நீங்களும் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான். எழுந்து, எது பக்கமாக் குரைச்சுதோ அங்க போய் ஒரு பார்வை. மெதுவா "சரி, போதும்". ஜமுக்காளத்துக்குக் கூட்டிட்டு வந்து, படுத்ததும் ஒரு துண்டு கோழி. லைட் போடாதீங்க. இதை 15-20 தடவையாவது செய்யணும், அலுப்பாத்தான் இருக்கும். ஆனா ஒரு நாள் ஒரே ஒரு குரைப்போட நிறுத்திட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் பாருங்க, அங்கதான் காவல் உங்க கைக்கு மாறுது.

வேப்பந்தோப்பு:
கோம்பைக்காவல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு. தோப்புல அது படுத்த சாக்கு கிடைச்சா அதையே போடுங்க. பழகின வாசனை.

நாலுகால்:
வேண்டவே வேண்டாம். உண்ணி நாய் மேல மட்டும் இருக்காது. ரத்தம் குடிச்சு முடிச்சதும் இறங்கி, சாக்கு மடிப்பு, சுவர் விரிசல்ல போய் முட்டை வைக்கும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்குல வைக்கும். அந்தச் சாக்கு உள்ளே வந்தா வீடே பண்ணை. வாசனைதான் வேணும்னா நீங்க ரெண்டு நாள் உடுத்தின லுங்கியைத் துவைக்காம ஜமுக்காளத்து மேல விரிச்சிடுங்க.

மூலையில மூத்திரம் போனதுக்கு ஃபினாயில் பிரயோஜனமில்லை. நமக்கு வாசனை அடங்கினாலும் நாய்க்கு அடங்காது, அதான் அதே மூலை. என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்கி ஊத்தி, பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் ஊறவிட்டுத் துடைங்க. கிடைக்கலேன்னா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிக்குச் சரி. டைல்ஸுக்குச் சரிதான், மார்பிள்னா கறை விழும். பிளீச்சோட மட்டும் கலந்துடாதீங்க, விஷ வாயு. காஞ்சதும் அந்த மூலையிலேயே நாலு நாள் சாப்பாடு வைங்க. சோறு தின்ன இடத்துல சாதாரணமாப் போகாது.

பைக் லைட்:
கூண்டு வாங்கிடுங்க சார், 42 இஞ்ச். உள்ளே விட்டு மூடி, மேல போர்வை போட்டா இருட்டுல தானா அடங்கும்.

கோம்பைக்காவல்:
குட்டிக்கு ஓகே. வருஷக்கணக்கா சங்கிலியில கிடந்ததை மூடினா கம்பியைக் கடிச்சுப் பல்லை உடைச்சுக்கலாம், நகம் பிஞ்சு ரத்தம் வரலாம். போர்வை போட்டா வெக்கை வேற. 42 இஞ்ச் லாப்ரடார் அளவு. தோளுயரம் 70 சென்டிமீட்டர் தொடுற ராஜபாளையம் அதுல நிமிர்ந்து நிக்காது. பின்னாடி வேணும்னா 48 இஞ்ச் வாங்கி, கதவைக் கழட்டிட்டுப் பகல்ல சாப்பாடு வச்சுப் பழக்கலாம்.

மாடி யோசனை அதைவிட மோசம். தளம் நடுராத்திரி வரைக்கும் கொதிக்கும், மூணடி கைப்பிடிச் சுவரை இந்த ஜாதி சுலபமாத் தாண்டும். போதாததுக்கு நாலு தெருவும் கண்ணுல படும். டூட்டியிலேருந்து இறக்கப் பார்க்கிறோம், மாடிக்கு ஏத்தினா பதவி உயர்வு கொடுத்த மாதிரி.

வெள்ளைமூக்கு:
யாரும் கேக்காத ஒண்ணு: காது கேக்குதா? வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல் உள்காதுலயும் இருக்கணும். அங்கே இல்லேன்னா குட்டியிலேயே கேக்குற நரம்புமுனை செத்துடும். ஒரு காது மட்டும் போறதும் உண்டு. நீங்க பைக்குக்குக் குரைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அது சத்தத்துக்கா, ஜன்னல் வழியா சுவர்ல ஓடுற ஹெட்லைட் வெளிச்சத்துக்கா? வெளிச்சத்துக்குன்னா ஜன்னல் கீழ்ப்பாதியில செய்தித்தாளை ஒட்டுங்க, பாதிப் பிரச்சினை அன்னைக்கே தீரும்.

சோதிக்கிறது இப்படி: அது முழிச்சு, வேற பக்கம் பார்த்துட்டிருக்கும்போது பின்னாலிருந்து ஆறடியில சாவிக்கொத்தைக் குலுக்குங்க. காத்து படக்கூடாது, தரை அதிரக்கூடாது, நிழல் விழக்கூடாது. இடது, வலது, பின்னால், மூணு பக்கமும் அஞ்சு அஞ்சு தடவை, நடுவுல இடைவெளி விட்டு.

மூச்சிரைப்பை வெக்கைன்னு விட்டுடாதீங்க. ஃபேன் காத்துலயும் இரைச்சா வலியோ காய்ச்சலோ இருக்கலாம். கழுத்துல சங்கிலிப் புண் ஆறிடுச்சா, முடியை விலக்கிப் பாருங்க. விரலிடுக்கு, காது மடிப்புல உண்ணி இருந்தா உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. ஈறு வெளுத்தாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ அன்னைக்கே டாக்டர். தூங்கட்டும்னு மனுஷங்க மாத்திரை எதையும் கொடுக்காதீங்க. பதட்டத்துக்கு மருந்து வேணும்னா டாக்டர்தான் எடையைப் பார்த்துத் தரணும்.

இருட்டுல யாரும் அதைத் தாண்டிக் காலை வைக்காதீங்க. உறுமினா நின்னு பின்வாங்குங்க. உறுமினதுக்கு அடிச்சா அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். கடிபட்டா சோப்பும் ஓடுற தண்ணியும் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போகணும்.

மொட்டைமாடி:
சாவி பார்த்தாச்சு. வலது பக்கம் அஞ்சுக்கு அஞ்சு திரும்புது. இடது பக்கம் குலுக்கினாலும் வலது பக்கம்தான் திரும்பித் தேடுது. கழுத்துல புண் இல்லை. படுக்கையை மாத்தணுமா?

வெள்ளைமூக்கு:
அப்போ இடது காது சந்தேகம்தான், அடுத்த தடவை டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒரு காதுல கேக்குற நாய்க்குச் சத்தம் வருதுன்னு தெரியும், எங்கேயிருந்துன்னு தெரியாது. கதவுக்கும் ஹாலுக்கும் நடக்குறதுல கொஞ்சம் அந்தத் தேடலாவும் இருக்கும். ஹால்ல ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும், கண்ணால பார்த்துக்கும். படுக்கையை மூலைக்குத் தள்ளி, இடது பக்கத்துல சுவர் வர்ற மாதிரி பாருங்க. நீங்க முன்னாலிருந்து வர்றது தெரியணும். கேக்குற காது தரையில அழுந்தப் படுத்துட்டா மொத்தமாக் கேக்காது, அப்போ தொட்டு எழுப்பினா திடுக்கிட்டு வாய் வச்சிடும். ரெண்டடி தள்ளி நின்னு ரப்பர் பாய் ஓரத்தைக் காலால ரெண்டு தட்டுத் தட்டுங்க, அதிர்வுல முழிச்சுக்கும். பிள்ளைங்க வீட்டுல இருந்தா எழுப்புற வேலை அவங்களுக்கு வேண்டாம்.