சண்டைக்குள்ள பள்ளிக்கூடம் நடத்தினா சமாதானம் வருமா? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்க

உப்புவெளி_ரீச்சர்:
எனக்கு இப்பதான் நியமனம் கிடைச்சது. போன கிழமை பயிற்சிப் பட்டறையில அவசரகாலக் கல்வி, அதான் சண்டை, பேரிடர் நேரத்தில நடத்திற படிப்பு, சமாதானத்தை வளர்க்கும் எண்டு நிறையச் சொன்னாங்க, அந்தப் படிப்புக்கான சர்வதேச வலையமைப்பு ஐஎன்ஈஈ 2004ல கொண்டு வந்த தராதரங்கள், யுனிசெஃப் எண்டெல்லாம். கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா எங்கட மாவட்டத்தில தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டு சனமும் இருக்கு, பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடம் மட்டும் வேற வேற. அகதிக் காம்பில படிச்ச ஆக்கள் உண்மையா நடந்ததைச் சொல்லுங்க.

கட்டைபறிச்சான்_பெடியன்:
அக்கா, 2006ல சம்பூர்ப் பக்கத்தால ஓடேக்க எனக்கு 9 வயசு. வாகரை, மட்டக்களப்பு எண்டு அலைஞ்சு கடைசியா கிளிவெட்டிக் காம்ப். பள்ளிக்கூடம் எண்டா தறப்பாள் கொட்டில்தான், பத்து மணிக்கு மேல உள்ளுக்க இருக்க ஏலாது, அப்பிடி வெக்கை. எங்கட ரீச்சர் இடாப்பு கூப்பிடேக்க இன்னும் வந்து சேராத பிள்ளையளின்ட பேரையும் கூப்பிடுவா. ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டம், கொஞ்சம் பாத்துட்டு அடுத்த பேருக்குப் போவா. ஒருநாள் அப்பிடிக் கூப்பிட்ட பேருக்கு வாசல்ல இருந்து "உள்ளேன்" எண்டு கேட்டிச்சு, அந்தச் சத்தம் இப்பவும் காதுக்க இருக்கு. இதைச் சமாதானம் எண்டு சொல்லலாமோ தெரியாது. ஆனா பிள்ளையளச் சண்டைக்குப் பிடிச்சிட்டுப் போவாங்க எண்டு தாய்மார் பயந்த காலத்துக்குப் பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை எங்க நிக்குதெண்டு தெரியிறதே அவங்களுக்குப் பெரிய நிம்மதி. அரசாங்கம் எடுத்து வெச்சிருந்த எங்கட காணியள் விடுபட 2015, 2016 ஆச்சு, அதுவரைக்கும் எங்களப் பிடிச்சு வெச்சது அந்தக் கொட்டில்தான்.

மூதூர்_வாசி:
நாங்க அதே 2006 ஆகஸ்ட்ல கந்தளாய்க்குப் போன ஆக்கள், வாப்பா என்னத் தோள்ல தூக்கிட்டு நடந்தாரு. தங்கினது ஒரு பள்ளிக்கூடத்துல. வகுப்பறையில நாங்க படுத்தா அந்த ஊர்ப் புள்ளைகள் எங்க படிக்கிற? கொஞ்ச நாள்ல அவங்கட தாய்மாருக்கு எங்க மேல மனத்தாங்கல் வந்திச்சு, அதுவும் ஞாயம்தான். சுனாமி நேரமும் இதே கதை. தங்க வேற இடம் பாருங்க, இல்லாட்டி ரெண்டு நேர வகுப்பு வைங்க. இது சரியா நடக்காட்டி பள்ளிக்கூடமே சண்டைக்குக் காரணமாயிடும்.

நிலாவெளி_சேர்:
நான் இரண்டாம் மொழியா சிங்களம் படிப்பிக்கிறன். 1956ல சிங்களம் மட்டும்தான் அரச கரும மொழி எண்டு சட்டம் கொண்டு வந்து எவ்வளவு வருசம் அடிபட்டம், 1987ல 13ஆவது திருத்தத்தில தமிழும் அரச கரும மொழியாச்சு, 2008ல சமூக ஒற்றுமைக்கும் சமாதானத்துக்குமெண்டே ஒரு கல்விக் கொள்கையும் வந்திச்சு. எல்லாம் இருந்தும் என்ட பிள்ளையள் சிங்களத்த மாக்ஸ்க்குப் பாடமாக்குதுகள், பேச ஒரு சிங்களப் பிள்ளைய வருசத்தில ஒருக்காக்கூடக் காணுறேல்ல. ஒண்டா விளையாட விடாம, ஒண்டாச் சாப்பிட விடாம புத்தகத்தை மட்டும் குடுத்தா நடக்காது. சண்டை இல்லாத இப்பவே செய்ய வேணும், ஷெல் விழத் தொடங்கின பிறகு ஆரும் ஆரையும் பழக மாட்டாங்க.

உப்புவெளி_ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. சேர், அடுத்த தவணைக்கு பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தோட சேந்து ஒரு நாள் செய்யலாமெண்டு அதிபர்ட்ட கேக்கப்போறன், ஒழுங்கு பண்ண நீங்களும் வாங்க. தம்பி, அந்த இடாப்பு ஆர்ட்டயாவது இருக்கா?

கட்டைபறிச்சான்_பெடியன்:
ரீச்சர் இப்ப பென்சன்ல அக்கா. கோல் எடுத்துக் கேட்டுட்டுச் சொல்றன்.